பூ இல்லாத மாதங்களில் அங்கே என்ன இருக்கும்?

தோட்டத்தில் ஓர் இடம் காலியானால், அங்கே என்ன வைக்கலாம் என்ற பேச்சு எப்போதும் பூவில்தான் ஆரம்பிக்கிறது. என்ன நிறம், எவ்வளவு பெரிய பூ, வருஷத்தில் எத்தனை மாதம் பூக்கும். நர்சரிக்குப் போனாலும் பூத்து நிற்கிற செடியிடம்தான் கால் தானாகப் போகிறது. செம்பருத்தி மாதிரி ஒரு புதர்ச்செடியா, கல்வாழை மாதிரி மண்ணிலிருந்து தூர் கட்டி வளர்கிற பல்லாண்டுச் செடியா என்று யோசிக்க வேண்டி வரும்போது, பூவிலிருந்து தொடங்குகிற பேச்சு எங்கேயும் போய்ச் சேராது என்று நினைக்கிறேன். இரண்டுமே நன்றாகப் பூக்கும். இரண்டுக்குமே வெயில் வேண்டும். செம்பருத்திப் பூ ஒரே நாளில் சுருண்டு விழுகிறதே என்று குறை சொன்னால், டே லில்லியின் பூவும் ஒரு நாள்தான் நிற்கும், அது புதரே கிடையாது. பூவை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் பேசிக்கொண்டே இருக்கலாம்.

இதை இவ்வளவு தூரம் யோசிக்க வைத்தது சித்தி கேட்ட ஒரு கேள்வி. அவர் வீட்டில், சன்னலுக்கு வெளியே சுவரை ஒட்டி, இரண்டு கையையும் விரித்தால் அடங்கிவிடுகிற அளவுக்கு ஓர் இடம். காலையில் நல்ல வெயில் விழும், மதியத்துக்கு மேல் சுவரின் நிழல். அங்கே நின்றிருந்த செடி பட்டுப்போய்ப் பிடுங்கியாகிவிட்டது. “செம்பருத்தி வைக்கவா, கல்வாழை வைக்கவா? நீயே சொல்லிடு” என்றார். நான் இரண்டின் பூவையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி, பூ இல்லாதப்போ அந்த இடத்துல என்ன இருக்கும்? நான் தினமும் பார்க்கப்போறது அதைத்தானே” என்றார்.

அவர் உட்காருகிற நாற்காலி அந்தச் சன்னலை ஒட்டித்தான் கிடக்கிறது. மூட்டு வலி வந்த பிறகு பகலில் பெரும்பகுதி அங்கேதான். எந்தச் செடியையும் அது பூத்திருக்கிற சில வாரங்களை வைத்து மதிப்பிடுவது தோட்டத்தைக் கடந்து போகிறவருக்குச் சரி. அதன் பக்கத்திலேயே வாழ்கிறவருக்கு மிச்ச மாதங்கள்தான் கணக்கு. இலை எப்படி இருக்கும், கிளை எப்படி நிற்கும், ஒன்றுமே இல்லாமல் வெறும் மண் தெரியுமா, தெரிந்தால் எத்தனை நாள் தெரியும். இந்தக் கேள்விகளோடு நர்சரிக்குள் நுழைந்து பாருங்கள், கண்ணில் படுகிற செடிகளே வேறாக இருக்கும். பூ வராத செடியைத் தேடிப் போய்ப் பார்க்கத் தோன்றும். அதன் அடித்தண்டைப் பார்க்கத் தோன்றும். பூத்து முடிந்து மூலையில் ஒதுக்கி வைத்திருக்கிற தொட்டிகள்தான் நமக்கு நிஜமாகத் தகவல் சொல்பவை என்று புரியும்.

அடுத்த மொட்டு எங்கே இருக்கிறது

சித்தி கேட்டதை ஒட்டிய ஒரு கேள்வியைத் தாவர அறிவியலில் ஒருவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். கிறிஸ்டென் ரவுன்கியேர் என்ற டென்மார்க் தாவரவியலாளர். செடிகளைப் பூவின் அமைப்பை வைத்துப் பிரிப்பதுதான் வழக்கம். அவர் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, கெட்ட பருவத்தில், அதாவது கடுங்குளிரிலோ கடும் வறட்சியிலோ, ஒரு செடி தன் அடுத்த துளிருக்கான மொட்டை எங்கே வைத்துக் காப்பாற்றுகிறது என்று பார்த்தார். 1904-இல் அவர் முன்வைத்த பகுப்பு இன்றைக்கும் பாடத்தில் இருக்கிறது. தரையிலிருந்து 25 செ.மீ.க்கு மேலே காற்றில் மொட்டை வைத்திருப்பவை ஒரு வகை; மரங்களும் பெரிய புதர்களும் இதில் அடங்கும். அதற்குக் கீழே, தரையை ஒட்டிய கிளைகளில் வைத்திருப்பவை அடுத்த வகை. மண்ணின் மேற்பரப்பிலேயே வைத்திருப்பவை இன்னொன்று. மண்ணுக்கடியில் கிழங்காகவோ குமிழாகவோ ஒளித்து வைப்பவை மற்றொன்று. ஒரு வருஷத்தில் முடிந்துபோய் விதையாக மட்டும் மிஞ்சுபவை தனி வகை.

தோட்டம் போடுகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள பகுப்பு எனக்குத் தெரியவில்லை. புதர்ச்செடியின் மொட்டு கிளையின் கணுவில் இருக்கிறது. அதனால் அது விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. போன வருஷம் இடுப்பளவு நின்றது இந்த வருஷம் தோளளவு நிற்கும். இலை உதிர்ந்தாலும் கிளை நிற்கும், உருவம் நிற்கும். கல்வாழையோ சம்பங்கியோ மேலே உள்ள அத்தனையையும் கைவிட்டுவிட்டு மறுபடி மண்ணிலிருந்து எழும்புகிறது. உயரம் வருஷாவருஷம் ஏறக்குறைய ஒன்றுதான். தூர் மட்டும் பக்கவாட்டில் அகன்றுகொண்டே போகும். புதருக்குக் கவாத்து ஏன் தேவை, தூர்ச்செடிக்குப் பிரித்து நடுவது ஏன் தேவை, எதை இடம் மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பதெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது.

இந்தக் கோடு இயற்கையில் அவ்வளவு நேராக ஓடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் வெள்ளையாக விரிந்து மாலைக்குள் இளஞ்சிவப்பாகிவிடுகிற நிறம்மாறும் செம்பருத்தி, வெப்பமான இடத்தில் சிறு மரம் அளவுக்கு உயர்ந்து நிற்கும். உறைபனி விழுகிற இடத்தில் அதே செடி தரைமட்டத்துக்குக் கருகி, பனி போனதும் வேரிலிருந்து புதிதாகக் கிளம்பும். நித்யகல்யாணி வெப்பத்தில் பல வருஷம் நின்று அடித்தண்டு கட்டையாகும், குளிரில் ஒரு வருஷச் செடியாக முடிந்துபோகும். ஆகவே ஒரு செடி புதரா இல்லையா என்பதை அதன் பெயர் மட்டும் முடிவு செய்வதில்லை, அது நிற்கிற இடத்துக்கும் அதில் பங்கு உண்டு.

பியோனி விஷயம் இன்னும் சுவையானது. குளிர் நாடுகளில் கொண்டாடப்படுகிற இந்த ஒரே பேரினத்துக்குள் கட்டைக் கிளையோடு நிற்கிற புதர்ப் பியோனியும் உண்டு, குளிர்காலத்தில் மண்ணுக்குள் அடங்கிவிடுகிற பியோனியும் உண்டு. இரண்டையும் கலப்பினமாக்க முடியாது என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். ஜப்பானில் தோயிச்சி இட்டோ என்பவர் திரும்பத் திரும்ப முயன்று 1948-இல் அதைச் சாதித்தார். அந்தக் கன்றுகள் வளர்ந்து பூப்பதற்குள், 1956-இல், அவர் இறந்துவிட்டார். அவர் பெயராலேயே இட்டோ பியோனி என்று இன்று அழைக்கப்படுகிற அந்தச் செடி, புதரின் அகன்ற பூவைத் தாங்கிக்கொண்டு, குளிர் வந்ததும் தரைமட்டத்துக்கு அடங்கிவிடுகிறது. பூவை ஒரு பக்கத்திலிருந்தும், மொட்டை ஒளிக்கிற பழக்கத்தை இன்னொரு பக்கத்திலிருந்தும் எடுத்துக்கொண்ட செடி. தன் பூவைப் பார்க்காமலே போன அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது.

கத்தரியா, மண்வெட்டியா

புதர்ச்செடி வைத்தால் வேலையே இல்லை, ஒரு தடவை நட்டால் போதும் என்று பரவலாக ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. வேலை இரண்டுக்கும் உண்டு. எந்த மாதிரி வேலை, உடம்பின் எந்தப் பகுதி அதைச் செய்யப்போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

செம்பருத்தியைக் கவாத்து செய்யாமல் விட்டால் 3 மீட்டரைத் தாண்டி வளரும். மேலே மட்டும் தழைத்து, அடியில் இலை இல்லாமல் வெறும் குச்சியாக நிற்கும். சன்னல் உயரத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தெரியப்போவது அந்தக் குச்சிதான். அதன் பூ புதுத் துளிரின் இலைக்கக்கத்தில் வருவதால், வெட்ட வெட்டப் புதுக் கிளை, புதுக் கிளைக்கெல்லாம் பூ. கிளையைப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு இலைக்காம்பின் மேலும் அரிசி முனை அளவுக்கு ஒரு புடைப்பு தெரியும். வெளிப்பக்கம் பார்த்த புடைப்பாகத் தேர்ந்தெடுத்து, அதற்கு அரை விரற்கடை மேலே, சாய்வாக ஒரு வெட்டு. அந்தப் புடைப்புதான் அடுத்த கிளை. உள்பக்கம் பார்த்த புடைப்புக்கு மேல் வெட்டினால் புதுக் கிளை செடியின் நடுவுக்குள் ஓடி, காற்றோட்டம் கெட்டு, மாவுப்பூச்சிக்கு வீடாகும். மொட்டின் அடியில் இருக்கிற பச்சைப் புல்லிவட்டத்துக்குள் பஞ்சு ஒட்டினாற்போல் அது உட்கார்ந்திருக்கும். எறும்பு வரிசையாகக் கிளையில் ஏறுகிறது என்றால் மேலே மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. அது கசியவிடுகிற தித்திப்புக்காக எறும்பு அங்கே காவல் நிற்கும்.

எல்லாப் புதரும் இப்படி வெட்டுக்கு இணங்குவதில்லை. பெரிய இலை ஹைட்ரேஞ்சியா அடுத்த வருஷத்துப் பூமொட்டை இந்த வருஷத்துக் கிளை நுனியிலேயே உருவாக்கி வைத்துவிடும். பருவம் தப்பிக் கத்தரித்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது, ஒரு வருஷத்துப் பூ மட்டும் போய்விடும். அதனால் எந்தப் புதரை வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டியது, இது பழைய கிளையில் பூக்குமா, புதுத் துளிரில் பூக்குமா என்பதுதான். நிறத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

கல்வாழையின் கதை வேறு. அதில் ஒவ்வொரு தண்டும் தன் முறைக்குப் பூத்துவிட்டு முடிந்துவிடும். முடிந்த தண்டைத் தரையோடு வெட்டி எடுத்தால் பக்கத்துக் கன்றுக்கு வெளிச்சம் கிடைக்கும். இது சின்ன வேலைதான், கத்தி இருந்தால் போதும். பெரிய வேலை சில வருஷம் கழித்து வரும். தூர் அகன்று நெருக்கியடித்து, நடுவில் கிழட்டுக் கிழங்கு மட்டும் மிஞ்சி, பூ ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டால் பிரித்து நட்டே ஆக வேண்டும். தூரைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, நெம்பி, மொத்தமாகப் புரட்டி எடுக்க வேண்டும். மண்ணை உதறினால் இஞ்சிபோலக் கணுக்கணுவாகப் பின்னிக்கிடக்கிற கிழங்கு தெரியும். ஓரத்துக் கிழங்குகள் வெளுத்து, உருண்டு, நுனியில் செந்நிறக் குருத்தோடு இருக்கும். நடுவில் இருப்பவை பழுப்பேறி, அழுத்தினால் உள்ளே இறங்கும். குருத்துள்ள துண்டுகளாக, ஒன்றுக்கு இரண்டு மூன்று குருத்து இருக்கும்படி கத்தியால் அறுத்து, வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டுவிட்டு, குருத்து மேலே பார்க்கும்படி விரல் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆழத்தில் நட வேண்டும். நடுக்கிழங்கு உரக்குழிக்கு. இந்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு தூரைப் பிரித்தால் நட்டது போகக் கொடுப்பதற்கும் நிறைய மிஞ்சும். புதரிலிருந்து குச்சி ஒடித்துத் தரலாம், ஆனால் அது வேர்விட்டு ஆளாகப் பொறுமை வேண்டும். தூரிலிருந்து பிரித்துத் தருவது பெரும்பாலும் அந்தப் பருவத்திலேயே பூத்துவிடும்.

சாமந்தி இன்னொரு மாதிரி. பூத்து ஓய்ந்த தண்டை அடியோடு வெட்டிவிட்டால் வேர்ப்பகுதியிலிருந்து பக்கக் கன்றுகள் வரும், அவைதான் அடுத்த பருவத்துச் செடி. இரவு நீளும்போதுதான் அது மொட்டு வைக்கும். பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள இந்தத் தொடர்பை அமெரிக்காவில் கார்னர், அல்லார்ட் என்ற இருவர் 1920-இல் விளக்கி எழுதினார்கள். தோட்டக்காரருக்கு அதிலிருந்து கிடைக்கிற பாடம் மிக எளிது. ராத்திரி முழுக்க விளக்கு எரிகிற வாசல் ஓரத்தில் சாமந்தியை வைத்துவிட்டு, இலை இவ்வளவு செழிப்பாக இருக்கிறதே, பூ ஏன் வரவில்லை என்று உரத்தை மாற்றிப் பயனில்லை. சித்தியின் சன்னலிலிருந்தும் இரவில் வெளிச்சம் நேரே அந்த இடத்தில்தான் விழும். சாமந்தி அங்கே சரிப்பட்டு வராது.

சரி, இத்தனை வேலையிலும் குனிய வேண்டியவை எவை என்று எண்ணிப் பார்த்தேன். புதரின் வேலை பெரும்பாலும் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில். நின்றபடி கத்தரியால் முடித்துவிடலாம். தூர்ச்செடியின் வேலை எல்லாமே தரையில்: அடியோடு வெட்டுவது, நெம்புவது, பிரிப்பது, நடுவது. மூட்டு ஒத்துழைக்காதவரிடம் “கல்வாழை வைங்க, சும்மா வளரும்” என்று சொல்வது அவரை நினைத்துச் சொல்கிற பதிலாக இருக்காது. தோட்டத்து ஆலோசனைகளில் செடிக்கு எவ்வளவு வெயில், எவ்வளவு தண்ணீர் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். வளர்க்கிறவரின் முதுகையும் முழங்காலையும் பற்றி விசாரிப்பவர்கள் குறைவு. அதை முதலில் கேட்க வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து.

இடம் தெரியாதவருக்கு

இதற்கு நேர் எதிராக நான் பதில் சொல்கிற இடமும் உண்டு. புதிதாக ஒரு வீட்டுக்கு வந்திருப்பவர், அந்த மண்ணையும் வெயிலையும் இன்னும் அறியாதவர் கேட்டால், புதரை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள் என்பேன். ஓர் இடத்தில் விழும் வெயில் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. சூரியன் வடக்கும் தெற்குமாக நகர நகர, சில மாதங்கள் முழு வெயிலில் இருந்த மூலை மற்ற மாதங்களில் சுவர் நிழலுக்குள் போய்விடும். மழை பெய்த பிறகு தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதும் ஒரு மழைக்காலத்தைப் பார்த்தால்தான் தெரியும். புதரை நட்டு ஓரிரு வருஷம் ஆனபின், இங்கே வெயில் போதவில்லை என்று தெரிந்து பெயர்ப்பது கடினம். அதற்குள் வேர் கிளைவிரிவையும் தாண்டி மேல்மண்ணில் பரவியிருக்கும். தோண்டி எடுக்கும்போது தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். அப்படிப் பெயர்த்த செடி வாடி, தேறி, மறுபடி பூக்க நாளாகும். சில தேறாமலே போய்விடும்.

தூர்ச்செடி இந்த விஷயத்தில் மிகவும் தாராளமானது. தவறான இடம் என்றால் அடுத்த பருவத்துக்கு முன் கெல்லி எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடலாம். பிரித்து நடுவதே அதற்கு நல்லது என்பதால் இடமாற்றம் அதற்குத் தண்டனை ஆகாது. பியோனி மாதிரி, ஒரே இடத்தில் பல பத்தாண்டு நின்று, அசைத்தால் பூக்க மறுக்கிற விதிவிலக்குகள் உண்டு. பொதுவாகப் பார்த்தால், இடத்தைப் படிக்கிற காலத்தில் தூர்ச்செடியும், இடம் புரிந்த பிறகு புதரும் என்பதுதான் எனக்குச் சரியான வரிசையாகப் படுகிறது. இட்லிப்பூச்செடியை எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாக வளர்வது அது. அதற்குச் சற்றுப் புளிப்புத்தன்மையுள்ள மண் வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில், சிமென்ட் சுவர் ஓரத்தில் வைத்தால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் துளிரிலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதற்குள் பாதி வருஷம் போய்விடும். மண்ணைத் தெரிந்துகொண்ட பிறகு வாங்க வேண்டிய செடி அது.

“எதுக்கு யோசனை, ரெண்டையும் சேர்த்து வைங்க” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய தோட்டத்தில் அது நல்ல பதில்தான். இங்கிலாந்தில் கெர்ட்ரூட் ஜீக்கில் என்ற தோட்ட வடிவமைப்பாளர் தன் மன்ஸ்டெட் வுட் தோட்டத்தில் அமைத்த பெரிய பூப்பாத்தி சுமார் 60 மீட்டர் நீளம். புதரும் தூர்ச்செடியும் கலந்தே அங்கே நின்றன. பாப்பி வகை ஒன்று பூத்து முடிந்து கோடையில் அடையாளமே இல்லாமல் மண்ணுக்குள் போய்விடும். அந்த வெற்றிடத்தை மூடுவதற்காகவே பக்கத்தில் ஜிப்சோபிலா என்ற பொடிப்பூச் செடியை நட்டு அதன்மேல் படரவிட்டார். எந்தச் செடி எப்போது இல்லாமல் போகும் என்று யோசித்து நட்டவர் அவர். நம் காலத்தில் நெதர்லாந்தின் தோட்ட வடிவமைப்பாளர் பீட் அவுடால்ஃப் இதை இன்னொரு பக்கம் கொண்டுபோனார். நியூயார்க்கில் 2009-இல் திறந்த ஹை லைன் பூங்காவுக்கு நடவுத் திட்டம் போட்ட அவர், காய்ந்த தண்டையும் விதைத்தலையையும் வெட்டாமல் குளிர்காலம் முழுக்க நிற்கவிடுகிறார். அந்தக் காய்ந்த உருவமும் பார்ப்பதற்குத்தான் என்பது அவர் பார்வை. எனக்கு அது மிகவும் பிடித்த யோசனை, ஆனால் எல்லாச் செடிக்கும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. புல்வகைகளும் கூம்புப் பூக்களும் விறைப்பாகக் காய்ந்து நிற்கும். கல்வாழை இலை கிழிந்து, பழுத்து, தண்டிலேயே தொங்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் அது அழுகத்தான் செய்யும், அழகாகக் காயாது. அப்புறம், கை விரித்தால் அடங்குகிற இடத்தில் புதரையும் தூர்ச்செடியையும் நெருக்கி வைத்தால், தூரைப் பிரிக்கும் ஒவ்வொரு தடவையும் மண்வெட்டி புதரின் வேரில்தான் இறங்கும்.

சன்னல் ஓரத்தில் வந்து நின்றது

கடைசியில் சித்தி கேட்ட இரண்டுமே அங்கே வரவில்லை. பூ இல்லாதபோது என்ன இருக்கும் என்ற கேள்வியை வைத்துக்கொண்டு நர்சரியில் பார்த்தபோது அவர் கை போய் நின்றது நந்தியாவட்டையில். அடியிலிருந்தே கிளை விடுகிற புதர். கரும்பச்சையில் பளபளக்கிற இலை, வருஷம் முழுக்க உதிராமல் நிற்கும். அரை நாள் வெயில் போதும். வெள்ளைப் பூ விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும், வராவிட்டாலும் இலைக்கே பார்த்துக்கொண்டிருக்கலாம். கிளையை ஒடித்தால் பால் வடியும். அது கண்ணிலோ வாயிலோ படக்கூடாது என்பதால் கவாத்து செய்ததும் கையைக் கழுவிவிட வேண்டும். சின்னப் பிள்ளைகள் புழங்கும் வீட்டில் இதைச் சொல்லிவைப்பது அவசியம்.

சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நடச் சொன்னேன். நட்ட புதிதில் அந்த இடைவெளி ரொம்ப அதிகமாகத் தெரியும். சித்திக்கும் தெரிந்தது. புதர் முழுதாக அகன்றால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதில் பாதியாவது சுவரிலிருந்து விட்டாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் வளர்ந்து, சன்னலைத் தேய்த்துக்கொண்டு, கவாத்து செய்யப் பின்னால் போகவும் வழியில்லாமல் போகும். இடைவெளியில் காய்ந்த இலையை மூடாக்காகப் பரப்பியிருக்கிறோம். வேர் பிடிக்கும்வரை தண்ணீரை அடித்தூரில் விடாமல் ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் விடுகிறார்.

செடி தழைத்ததும் ஒருநாள் பதறிப்போய் போன் செய்தார், இலையெல்லாம் ஒரே ராத்திரியில் காணோம் என்று. போய்ப் பார்த்தால், விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு, தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நீலக் கண் வரைந்தாற்போல. அரளி, நந்தியாவட்டை, நித்யகல்யாணி ஆகியவற்றைத் தின்கிற ஒரு பெரிய அந்துப்பூச்சியின் புழு அது. மருந்து அடிக்க வேண்டாம் சித்தி, ஒன்றிரண்டுதான் இருக்கும், கையால் எடுத்துத் தூரப் போட்டுவிடலாம் என்றேன். அவர் எடுக்கவிடவில்லை. “தின்னுட்டுப் போகட்டும், இலை மறுபடி வரும்னு நீதானே சொன்னே” என்றார். வந்தது. கிளைக்கணுவில் மொட்டை வைத்திருக்கிற செடிக்கு இலை போவது பெரிய விஷயமில்லை.

கல்வாழை ஆசை மட்டும் அவரை விடவில்லை. அதற்கு வழி தரையில் இல்லை, தொட்டியில் இருந்தது. குட்டை ரகக் கல்வாழை ஒன்றை, 40 செ.மீ. அகலமுள்ள தொட்டியில், நாற்காலி உயரத்துக்குக் கட்டிய திண்டின் மேல் வைத்திருக்கிறார். ஓய்ந்த தண்டை உட்கார்ந்தபடியே வெட்டுகிறார். தண்ணீர் மட்டும் தாராளமாகக் கேட்கும், வெயில் காலத்தில் ஒரு நாள் விட்டாலும் இலை ஓரம் கருகும். தொட்டி நிரம்பித் தூர் விளிம்பில் முட்டத் தொடங்கியதும், சாய்த்து மொத்தமாக மேஜைமேல் தட்டி எடுத்து, இடுப்பு உயரத்திலேயே வைத்துப் பிரித்துவிடலாம், மண்வெட்டியே வேண்டாம். இப்போது கிட்டத்தட்ட அந்த நிலைக்கு வந்துவிட்டது. குருத்து செழிப்பாக இருக்கிற ஓரத்துக் கிழங்கு ஒன்றை எனக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.